மண்ணை மூடிவைப்போம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறையில் வாழும் விவசாயிக்கு ஆட்டிக் பனியால் என்ன பயன்? பயன் உண்டு. அங்கு தண்டரா நிலத்தில் ஆய்வாளர்கள் பனியின் ஆழத்தைக் கோலால் அளக்கின்றனர். அதன்கீழ் மண்ணின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்கின்றனர். பனிக்குள் அடைபட்ட காற்று மண்ணின் சூட்டை வெளியேற விடாது. ஆகவே பனி தடித்த இடத்தில் மண் குளிர்வது குறைவு. மெலிந்த இடத்தில் கடுமையாக உறைகிறது. மண்ணின் மேல் கிடப்பதே மண்ணின் நிலையைத் தீர்மானிக்கிறது.

எமது செம்மண்ணுக்கோ வெயிலிலிருந்தே காப்பு வேண்டும். 1990இல் விட்டுவந்து, பின்னர் விடுவிக்கப்பட்ட வலிகாமம் வடக்குக் காணிகளுக்குத் திரும்புவோர், கண்ணிவெடி அகற்றப்பட்டதை உறுதிசெய்தபின் பற்றையை வெட்டலாம், எரிக்க வேண்டாம். இலைகுழையைப் பத்திரக்கலவையாகப் பரப்புங்கள். ஒரு பாத்தியை மூடி, மற்றதை மூடாமல் விட்டு, இரண்டிலும் ஈரத்தைத் தோண்டிப் பாருங்கள். ஒரு கிழமையில் வித்தியாசம் தெரியும்.