முழு வருகைச் சான்றிதழ்

மே மாதம் முதல் வாரத்தில், பிளசன்டனில் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் புல் வெட்டப்படவில்லை. மூன்றும் இந்தியர் வீடுகள். இரண்டு தமிழர் வீடுகள். அதில் ஒன்று என்னுடையது.

புதன்கிழமை தவறாமல் பழைய பிக்கப் வண்டியில் வந்து புல்வெட்டியை இறக்கும் அந்த மனிதர் மெக்சிகோக்காரர். பதினேழு வருடமாக இங்கே இருக்கிறார். கடைசியாக ஊருக்குப் போனது அம்மா இறந்தபோது, நான்கு வருடங்களுக்கு முன்பு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், மெக்சிகோ நகரத்து மனிதர்கள் முகமூடியோடு ரயிலேறுவதைத் தொலைக்காட்சியில் பார்த்த மறுநாள் அவரைக் கூப்பிட்டு, "இரண்டு வாரம் வர வேண்டாம்" என்று சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குப் புரிந்திருந்தது என்பது எனக்குப் புரிய ஆறு மாதம் ஆயிற்று.

அந்த வாரம் சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டில் பாட்லக். புளியோதரை, பிரியாணி, ஏழெட்டு வகை இனிப்பு. பேச்சு முழுக்கப் பன்றிக் காய்ச்சல்தான். ஒருவர் வீட்டைச் சுத்தம் செய்ய வரும் பெண்ணை நிறுத்திவிட்டார். இன்னொருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் அவர் வீட்டுக்கு யார் யார் வந்துபோகிறார்கள் என்று விசாரணையே நடத்தியிருக்கிறார். மூன்றாமவர் சைவர். "நாமதான் பன்றியே சாப்பிடறதில்லையே, நமக்கு எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மெத்தப் படித்தவர்கள் நிறைந்த அந்த அறையில் யாரும் அவரைத் திருத்தவில்லை. நானும்தான்.

திருத்த வேண்டிய தகவல்கள் அப்போதே வெளிவந்திருந்தன. இந்த வைரஸ் முதலில் ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்டது ஏப்ரல் நடுவில், நம்முடைய கலிபோர்னியாவில், சான் டியேகோ மாவட்டத்தில் ஒரு பத்து வயதுப் பையனுக்கும் இம்பீரியல் மாவட்டத்தில் ஒரு ஒன்பது வயதுச் சிறுமிக்கும். இரண்டு பேருமே பன்றியின் பக்கம் போனவர்கள் அல்லர். பன்றி இறைச்சி தின்று இது வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஏப்ரல் கடைசியிலேயே பன்றி என்ற சொல்லைக் கைவிட்டு இன்ஃப்ளுயென்சா ஏ (எச்1என்1) என்று எழுதத் தொடங்கியது. ஆனாலும் எகிப்து அரசு நாட்டில் உள்ள பன்றிகளையெல்லாம் கொல்ல உத்தரவிட்டது. அவற்றை வளர்த்தவர்கள் பெரும்பாலும் கெய்ரோவின் குப்பை அள்ளும் ஏழைக் கிறிஸ்தவர்கள். சீனாவில், காய்ச்சலே இல்லாத மெக்சிகோப் பயணிகளைப் பிடித்து ஓட்டல்களில் அடைத்தார்கள். அவர்களைக் கூட்டிவர மெக்சிகோ தனி விமானம் அனுப்ப வேண்டியதாயிற்று. எங்கேயும் பயம் ஏற்கெனவே வெறுக்கப்பட்டவனின் முகவரியைத்தான் தேடிக்கொண்டு போனது. எங்கள் தெருவில் அது பிக்கப் வண்டிக்காரரின் முகவரி.

(அந்த மே மாதத்தில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய பாட்லக்கில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசப்படவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். எது நம்மைப் பயமுறுத்துகிறது, எது பயமுறுத்துவதில்லை என்பதும் இந்தக் கட்டுரையின் விஷயம்தான்.)

அடுத்து பள்ளிகள். மே 1ஆம் தேதி, நோய் கண்ட பள்ளிகளைப் பதினான்கு நாள் வரை மூடலாம் என்றது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த் பள்ளி மாவட்டம் அதற்கும் முன்பே மொத்தமாக மூடிவிட்டது; சுமார் 80,000 பிள்ளைகள் வீட்டில். இங்கே சான் ஹோசேயிலும் ஒரு உயர்நிலைப் பள்ளியை மூடினார்கள். நாடு முழுவதும் 700க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடிக் கிடந்த நேரத்தில், மே 5ஆம் தேதி, மையமே தன் யோசனையை மாற்றிக்கொண்டது. நோய் நினைத்த அளவு கடுமையாக இல்லை, மூடினால் வரும் கஷ்டம் அதிகம், நோயுற்ற பிள்ளையை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டால் போதும் என்றது.

நம்மவர்கள் இதில் இரண்டு கட்சி. ஏப்ரல் 30ஆம் தேதி "இன்னும் ஏன் மூடவில்லை?" என்று கொதித்தவர்கள் ஒரு கட்சி. மே 4ஆம் தேதி "ஏ.பி. தேர்வு வாரத்தில் மூடுகிறார்களே, இவர்களுக்கு அறிவிருக்கிறதா?" என்று கொதித்தவர்கள் இன்னொரு கட்சி. வேடிக்கை என்னவென்றால், இரண்டு கட்சியிலும் இருந்தவர்கள் ஒரே ஆட்கள். சான் ஹோசேயில் ஒரு நண்பரின் வீட்டில், பள்ளி மூடிய மூன்றாம் நாள், பதினோரு பிள்ளைகள் ஒரே சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கால்குலஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் ஆளுக்கொரு மேசையாவது இருந்திருக்கும்.

மூடுவதால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1918ஆம் ஆண்டு காய்ச்சலின்போது 43 அமெரிக்க நகரங்கள் என்ன செய்தன என்பதை ஆராய்ந்து 2007இல் வந்த கட்டுரை, பள்ளிகளையும் கூட்டங்களையும் சீக்கிரம் நிறுத்தி நீண்ட நாள் அப்படியே வைத்திருந்த ஊர்களில் சாவு குறைவு என்று காட்டியது. நியூயார்க்கும் சிகாகோவும் அப்போது பள்ளிகளைத் திறந்தே வைத்திருந்தன. நெரிசல் குடியிருப்பில் அடைந்து கிடப்பதைவிடத் தினமும் செவிலியர் பார்க்கும் வகுப்பறையே மேல் என்பது அவர்கள் வாதம். இரண்டுக்கும் நியாயம் உண்டு. பூட்டிய பள்ளியின் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூட்டி உட்கார வைப்பதற்கு மட்டும் எந்த நியாயமும் கிடையாது.

ஜூலையில் ஊருக்குப் போனோம். இந்தியாவில் முதல் நோயாளி மே மாதம் ஹைதராபாத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர், அமெரிக்காவிலிருந்து திரும்பியவர். ஆரம்ப வாரங்களில் பிடிபட்ட பலரும் அப்படித்தான். சென்னை விமான நிலையத்தில் படிவம் நிரப்பினோம், முகமூடி போட்டவர்கள் முன்னால் வரிசையில் நின்றோம். மதுரையில் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். போய்ச் சேர்ந்த மறுநாள் சித்தப்பா போன் செய்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதப்பா. பொண்ணு வீட்டுக்காரங்க பயப்படுறாங்க. பிள்ளைகள வீட்ல விட்டுட்டு, நீ மட்டும் வந்து தலையைக் காட்டிட்டுப் போயிரு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் பிள்ளைகளுக்கு ஒரு தும்மல் கூட இல்லை. நாங்கள் என்ன நோயா? இருபது வருடம் ஊருக்குப் பணம் அனுப்பியவன் நான், என்னைப் போய்! மனைவிதான் மெதுவாகக் கேட்டாள்: "புல் வெட்றவர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், நம்மில் பலருக்குத் தெரியாதது. பிளசன்டனிலிருந்து பார்ட் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனை 1900ஆம் ஆண்டு மார்ச்சில், ஒரு சீனர் பிளேக்கில் இறந்தார் என்ற சந்தேகத்தில், கயிறு கட்டி மறித்தார்கள். வெள்ளையர்களை வெளியே விட்டுவிட்டு மறித்தார்கள். மே கடைசியில் மறுபடியும் மறித்தபோது வெள்ளையர் கடைகள் வெளியே விழும்படி எல்லைக் கோட்டையே வளைத்துப் போட்டார்கள். இது பாரபட்சம் என்று ஜூன் மாதம் கூட்டரசு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பத்து வருடம் கழித்து விரிகுடாவிலிருக்கும் ஏஞ்சல் தீவில் குடியேற்ற நிலையம் திறந்தார்கள். அங்கே வந்திறங்கிய இந்தியர்களைத் திருப்பி அனுப்பக் கையில் எடுத்த காரணங்களில் ஒன்று கொக்கிப்புழு. சாதாரண மருந்தில் போகக்கூடிய கொக்கிப்புழு. மதம் எதுவானாலும் இந்தியர்களை எல்லாம் "ஹிந்துக்கள்" என்று எழுதிய பதிவேட்டில், அந்த ஹிந்துவும் அவன் வயிற்றுப் புழுவும் ஒன்றாகிவிட்டார்கள்.

நம் பக்கத்துக் கதை இன்னும் நெருக்கமானது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்து வைத்து, அம்மை குத்தி, பூச்சிமருந்து கொடுத்து, நோயில்லை என்று முத்திரை விழுந்த பிறகுதான் கடலைத் தாண்ட விட்டார்கள். அதே மண்டபத்தில் இன்று ஈழத்து அகதிகள் இருக்கிறார்கள். நோய் என்ற பெயரில் நிறுத்தி வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எச்1பி விசா முத்திரை விழுந்தவுடன் நாம் மறுபக்கத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டோம். மதுரைக் கல்யாண வீட்டுக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை.

இனி அக்டோபர். எனக்கு மிகவும் வெட்கமான பகுதி.

என் மகள் ஏழாம் வகுப்பு. ஒரு வியாழக்கிழமை காலை 101 டிகிரி காய்ச்சல். அன்று கணக்குத் தேர்வு. அது மட்டுமில்லை, மூன்று வருடமாக ஒரு நாள் கூட விடுப்பு எடுக்காத பிள்ளை. வருடக் கடைசியில் மேடையில் ஏறி முழு வருகைச் சான்றிதழ் வாங்கும் பிள்ளை. டைலனால் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனேன். பதினோரு மணிக்குப் பள்ளி அலுவலகத்திலிருந்து அழைப்பு. அடுத்த வாரம் அந்த வகுப்பில் ஐந்து பிள்ளைகள் வரவில்லை. அதில் ஒரு சிறுவனுக்கு ஆஸ்துமா. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தான். பிழைத்துக்கொண்டான். என் மகளிடமிருந்துதான் அவனுக்கு வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அந்த முடியாமைக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

காய்ச்சல் மருந்தின் உதவியில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்த பிறகே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று ஆகஸ்டில் வந்த வழிகாட்டுதல் சொல்கிறது. "மருந்தின் உதவியில்லாமல்" என்ற சொற்களைக் கவனியுங்கள். அதை எழுதியவருக்கு என்னைப் போன்ற அப்பாக்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது. நான் ஒருவன் மட்டும் இல்லை. விசாரித்தபோது என் நண்பர்களில் பாதிப் பேர் இதைச் செய்திருக்கிறார்கள். சிலர் அதைச் சாமர்த்தியமாகவே சொன்னார்கள். நவம்பரில் வந்த மதிப்பீட்டின்படி, ஏப்ரலிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை இந்த நாட்டில் சுமார் 3,900 பேர் இந்தக் காய்ச்சலில் இறந்திருக்கிறார்கள். அவர்களில் சுமார் 540 பேர் குழந்தைகள். தடுப்பூசிக்கு இடம் தேடி ஊர் ஊராக அலைந்த அதே பெற்றோர்தான் டைலனால் கொடுத்துப் பிள்ளையை அனுப்புகிறார்கள். மெக்சிகோக்காரர் தோட்டத்தில், திறந்த வெளியில், இருபதடி தூரத்தில் நின்றால் ஆபத்து. நம் பிள்ளை மூடிய அறையில் முப்பது பிள்ளைகள் நடுவே இருமினால் ஆபத்தில்லை!

பள்ளிகளும் யோக்கியமில்லை. கலிபோர்னியாவில் பள்ளிக்கு அரசுப் பணம் வருவது பதிவேட்டில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல, தினமும் வந்து உட்காரும் பிள்ளைகளின் சராசரியை வைத்து. பிள்ளை காய்ச்சலில் படுத்தாலும் அன்றைய பணம் போயிற்று. மாநிலம் திவாலாகிக் கிடந்த 2009ஆம் ஆண்டில், "உடம்பு சரியில்லையென்றால் அனுப்பாதீர்கள்" என்று ஒரு கடிதமும் "தயவுசெய்து விடுப்பு எடுக்காதீர்கள்" என்று ஒரு கடிதமும் ஒரே மாதத்தில் எனக்கு வந்தன. சான்றிதழும் மேடையும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை. நாமோ அதைச் சரஸ்வதி கடாட்சம் என்று நினைத்துக்கொண்டு வரவேற்பறையில் மாட்டுகிறோம்.

வீட்டில் இருக்க முடியாதவர்கள் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். நோய்க்குச் சம்பளத்தோடு விடுப்பு தரவேண்டும் என்று இந்த நாட்டில் கூட்டரசுச் சட்டம் கிடையாது. சான் பிரான்சிஸ்கோ நகரம் தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது, 2007இலிருந்து. விரிகுடாவுக்கு இந்தப் பக்கம் அது செல்லாது. வருடத்துக்கு 7 நாள் கேட்கும் மசோதா ஒன்று 2009இல் காங்கிரஸில் தூங்கிக்கொண்டிருந்தது. நம்மிலும், மணிக்கணக்கில் பில் போட்டு, புராஜெக்ட் போனால் விசாவும் போய்விடுமோ என்று பயந்து வாழும் கன்சல்டன்ட்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் அவர்களில் ஒருவனல்ல. எனக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதி இருந்தது. நிர்வாகி கேட்டிருந்தால் சரி என்றிருப்பார். நான் கேட்கவே இல்லை. நம் சங்கங்கள் பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைக்கின்றன, நடிகர்களைக் கூட்டி வருகின்றன. அந்த மசோதாவை ஆதரித்து ஒரு கடிதம் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அது "அவர்கள்" பிரச்சினை.

நவம்பர் முதல் புதன்கிழமை பிக்கப் வண்டிக்காரர் இருமிக்கொண்டே வந்தார். ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்றேன். மே மாதத்து இரண்டு வாரத்துக்கும் சேர்த்துத்தான் கொடுத்தேன், அதையும் சொன்னேன். பணத்தை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் ஒன்பது வீடு பாக்கியிருக்கிறது என்றார். அவற்றில் எதுவும் காத்திருக்காது.

போன வாரம், முழு வருகைச் சான்றிதழை இந்த வருடமாவது நிறுத்துங்கள் என்று பள்ளி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கையெழுத்துக்காக மூன்று தமிழ்க் குடும்பங்களிடம் போனேன். ஒருவர் போட்டார். மற்ற இருவரும் நல்ல யோசனைதான் என்றார்கள். அவர்கள் பிள்ளைகள் இதுவரை ஒரு நாள் கூட விடுப்பு எடுக்கவில்லையாம். ஜூனுக்குப் பிறகு வரச் சொன்னார்கள்.