ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்

நுழையும்முன்

மக்களாட்சியில் வாக்களிப்பது ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை வரும் கடமை. ஆட்சியை வினவுவது அன்றாடக் கடமை. வினவுவோருக்குச் சான்று வேண்டும். அச்சான்றுகளுள் பெரும்பகுதியை அரசே எழுதி வெளியிடுகிறது. அவற்றைப் படித்துப் பயன்கொள்ள வேண்டியதன் தேவையைக் கொங்கு நாட்டின் நொய்யல் ஆற்று வரலாற்றைக் கொண்டு விளக்குகிறது இக்கட்டுரை.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. அரசாணை, ஆண்டறிக்கை, தணிக்கை அறிக்கை என்று பேச்செடுத்தால் பலரும் இப்பழமொழியையே விடையாகச் சொல்வர். ‘காகிதத்தில் எல்லாம் இருக்கும், களத்தில் ஒன்றும் இராது’ என்று கூறிக் கடந்து செல்வர். அவர்கள் கூறுவதில் உண்மை உண்டு. ஆயினும், காகிதத்தில் இருப்பது களத்தில் இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டுமானால், முதலில் அந்தக் காகிதத்தைப் படித்தாக வேண்டும் அல்லவா?

கல்லில் பொறித்த கணக்கு

பொது அமைப்புகள் தம் விதிகளை ஊரறிய எழுதி வைப்பது தமிழகத்திற்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வாரிய உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவர்கள் மீண்டும் அப்பொறுப்புக்கு வர இயலாது; அவர்தம் நெருங்கிய உறவினர்க்கும் அத்தடை உண்டு. இவ்விதி சபை மண்டபத்தின் சுவரில் இருந்தது. கணக்குக் காட்டாதவரைச் சுட்டிக்காட்ட விரும்பியவருக்கு அச்சுவரே சான்றாக நின்றது.

அன்று கல்வெட்டு ஆற்றிய பணியை இன்று அரசிதழும் அரசாணையும் ஆற்றுகின்றன. சட்டங்களும் விதிகளும் அறிவிக்கைகளும் அரசிதழில் வெளியாகின்றன. ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது கொள்கை விளக்கக் குறிப்பைச் சட்டப்பேரவையில் வைக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 151ஆவது பிரிவின்படி, மாநிலக் கணக்குகள் பற்றிய இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை ஆளுநர் வழியாகப் பேரவைக்கு வருகிறது. சிற்றூரின் வயல்களில் விளைந்த பயிர்கூட அடங்கல் பதிவேட்டில் ஏறுகிறது. இவை யாவும் அரசு தன் கையால் எழுதியவை. நாம் சொல்வதை அரசு மறுக்கலாம். தான் எழுதியதை அது எளிதில் மறுக்க இயலாது. அரசு ஆவணங்களின் வலிமை இதில்தான் உள்ளது.

நொய்யல் சொல்லும் பாடம்

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே சென்று காவிரியில் கலப்பது நொய்யல். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் வளர்ந்தபோது சாயப்பட்டறைகளும் பெருகின. அவற்றின் கழிவுநீர் ஆற்றில் கலந்தது. பாசனத்திற்காக 1992ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. கிணற்று நீர் உப்பேறியது, வயல்கள் பாழ்பட்டன. அணை எப்போது நிறையும் என்று காத்திருக்க வேண்டிய உழவர்களே, அணையில் நீரைத் தேக்க வேண்டா என்று முறையிடும் நிலை வந்தது.

இந்நிலை நேராமல் தடுக்க விதி இல்லாமலா போயிற்று? அணை கட்டி முடிவதற்கு முன்பே விதி இருந்தது. 30.03.1989 அன்று வெளியான தமிழ்நாடு அரசின் 213ஆம் எண் அரசாணை, ஆறு முதலிய நீர்நிலைகளின் கரையிலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவுக்குள் மிகுதியாக மாசுபடுத்தும் தொழிற்சாலைகளைப் புதிதாக நிறுவக் கூடாது என்றது. கழிவுநீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. விதி ஏட்டில் இருந்தது. ஆறு வேறு நிறத்தில் ஓடியது.

ஏட்டிலிருந்த அந்த ஆணை பாலாற்றங்கரை வழக்கொன்றில் உயிர்பெற்றது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் மாசு குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 28.08.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை அது நிலைநாட்டியது. 1989ஆம் ஆண்டின் அரசாணையை உடனே செயற்படுத்துமாறும் பணித்தது. அரசு ஏழாண்டுகளுக்கு முன்பே இட்ட ஆணையை நிறைவேற்றச் சொல்ல நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் தேவைப்பட்டது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அத்தீர்ப்பின்படி மைய அரசு அறிவிக்கை வெளியிட்டுச் சூழலிழப்பு ஆணையம் ஒன்றை அமைத்தது. அந்த ஆணையமே பின்னர் நொய்யல் உழவர்களின் இழப்பையும் ஆய்ந்தது. 68 ஊர்களைச் சேர்ந்த 28,596 உழவர்களுக்கு ஏறத்தாழ 24.79 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என 2004ஆம் ஆண்டில் அது முடிவுசெய்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 திசம்பரில் உழவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. கழிவுநீர் வெளியேற்றம் அதன்பின்னும் நிற்காமையால், 28.01.2011 அன்று உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத தொழில்நுட்பத்தை ஏற்ற பின்னரே அவை மீண்டும் இயங்கத் தொடங்கின.

இவ்வெற்றிக்குக் கொடுத்த விலை பெரிது. பட்டறைகள் மூடப்பட்டபோது நாள்கூலியை நம்பி வாழ்ந்த தொழிலாளர்கள் வேலையின்றித் தவித்தனர். உழவரும் தொழிலாளரும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். விதி எழுதப்பட்ட காலத்திலேயே ஊர்தோறும் அதனைப் படித்து, ‘இதனை ஏன் நிறைவேற்றவில்லை?’ என்று கேட்டிருந்தால், நிலமும் இந்த அளவிற்குக் கெட்டிராது. வேலையும் ஒரே நாளில் பறிபோயிராது. காலங்கடந்து கேட்கும் கேள்வி நீதியைப் பெற்றுத் தரலாம். இழந்த ஆண்டுகளைப் பெற்றுத் தராது.

மறுப்பும் விடையும்

‘ஆவணத்திலேயே பொய் எழுதினால் என்ன செய்வது?’ என்று கேட்கலாம். எழுதிய பொய்யும் ஒருவகையில் பிடியைத் தரும். இராசசுதானில் உழவர் உழைப்பாளர் ஆற்றல் அமைப்பினர் 1994ஆம் ஆண்டில் தொடங்கி நடத்திய மக்கள் கேட்பு மன்றங்கள் இதற்குச் சான்று. பொதுப்பணிகளின் வருகைப் பதிவேடுகளையும் செலவுச் சீட்டுகளையும் ஊரார் முன் உரக்கப் படித்தனர். வேலை செய்யாதவர் பெயரும் கட்டப்படாத கட்டடமும் படித்த மாத்திரத்தில் வெளிப்பட்டன. நாடு தழுவிய தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 உருவாவதற்கு அப்போராட்டம் வித்திட்டது.

‘இவ்வறிக்கைகள் எளியோருக்கு விளங்குமா?’ என்பது மற்றொரு கேள்வி. இது நேர்மையான கேள்வி. சட்டத்தமிழ் கடினமானது, பல அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே உள்ளன, சில அறிக்கைகள் நிகழ்ந்தது மறந்துபோன பின் வெளிவருகின்றன. இக்குறைகளைக் களைவது அரசின் கடமை. மக்களின் பெயரால் செலவிடும் பணத்தின் கணக்கை மக்கள் மொழியில், எளிய நடையில், உரிய காலத்தில் வெளியிடாவிட்டால், வெளியிட்டும் மறைத்ததாகவே பொருள்படும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் தகவல் அறியும் உரிமைக்குச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு (1997). மைய அரசின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், யாரும் கேட்பதற்கு முன்பே பொது அமைப்புகள் தாமாக வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களை அதன் 4ஆவது பிரிவில் வகுத்துள்ளது. வெளியிடாதவற்றை 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்துப் பெறலாம். பொதுவாக 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும்.

இளையோர் கடன்

பதினெட்டு வயது நிறைந்த பின்னரே வாக்களிக்க முடியும். படிப்பதற்கு அத்தகைய வரம்பு இல்லை. உங்கள் ஊரில் சாலை போடுகிறார்கள் என்றால், அதன் மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தக் காலம் எவ்வளவு என்று பணியிடப் பலகையில் பாருங்கள். ஆண்டில் ஆறுமுறை கூடும் கிராம சபையில் வரவு செலவுக் கணக்கு படிக்கப்படும்போது உடனிருந்து கேளுங்கள். அருகிலுள்ள குளத்தின் பரப்பு வருவாய்ப் பதிவேட்டில் எவ்வளவு, கண்முன் இருப்பது எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். ஐயம் எழுந்தால் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் கலந்து, உரிய அலுவலரிடம் பணிவோடும் தெளிவோடும் வினவச் செய்யுங்கள். வினா தவறாக இருப்பின் அறிவு வளரும். சரியாக இருப்பின் ஊர் வளரும்.

அரசின் ஏட்டில் விளைந்த சுரைக்காய் தானாக நம் அடுக்களைக்கு வராது. எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அறிந்தவர் கேட்டால், அது கறிக்கு உதவியே தீரும்.