செவிலியர் படிப்புக்கு எந்த மதிப்பெண் வேண்டும்?

நம் சங்க அங்கத்தினர்களின் பெண் மக்கள் பத்தாம் வகுப்புத் தேறியவுடன், "நர்ஸ் படிப்பில் சேர்த்துவிடலாம்" என்று பெற்றோர் சொல்வது இன்று பெருவழக்காகிவிட்டது. அனுமந்தை, மரக்காணம் முதலிய கடற்கரை ஊர்களுக்கு நாம் தணிக்கைக்குச் செல்லுங்கால், கணக்கேடுகளை மூடிய பின் அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் இதைப் பற்றியே. விருப்பம் உயர்ந்தது. ஆயின், எந்த மதிப்பெண் அக்கல்லூரியின் கதவைத் திறக்கும் என்பதை அறிந்தோர் சிலரே.

தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கான நான்காண்டு பி.எஸ்ஸி. செவிலியர் பட்டப்படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு இல்லை. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை அமைத்து, கலந்தாய்வின் மூலம் இடம் வழங்குகிறது. அவ்வரிசைக்கு 600 மதிப்பெண் முழுமையும் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. உயிரியல் நூற்றுக்கும், இயற்பியல் ஐம்பதுக்கும், வேதியியல் ஐம்பதுக்கும் என மொத்தம் 200-க்குக் கணக்கிடப்படுகிறது.

ஓர் உதாரணம் காண்போம். ஒரு மாணவி மொத்தம் 510 பெறுகிறாள். அதில் உயிரியல் 70, இயற்பியல் 80, வேதியியல் 80. மற்றொருத்தி பெறுவது 472 மட்டுமே. ஆனால் உயிரியல் 94, இயற்பியல் 88, வேதியியல் 90. ஊரார் முதலாமவளையே பாராட்டுவர். தரவரிசையிலோ முதலாமவளுக்கு 150, இரண்டாமவளுக்கு 183. உயிரியலில் பெறும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் பெறும் இரண்டுக்குச் சமம் என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

இம்முறை காரணமற்றதன்று. நோயாளியின் நரம்பில் ஏற்றப்படும் சலைன் நீரில் நூற்றுக்கு 0.9 பங்கே உப்பு உண்டு. அவ்வளவு ஏன், கூடினாலும் குறைந்தாலும் இரத்த அணுக்களுக்கு என்ன நேரும் என்பதை அறியாதவரிடம் உயிரை ஒப்படைக்க இயலுமா? உப்பளத்து மக்களாகிய நமக்கு இது எளிதில் விளங்கும்.

ஆகவே, உண்மையான முடிவு பன்னிரண்டாம் வகுப்பில் அன்று, பத்தாம் வகுப்பு முடிந்து பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே நிகழ்கிறது. பாவு ஓட்டி முடித்த பின் துணியின் அகலத்தைக் கூட்ட முடியாதென்பது நெசவாளருக்குத் தெரியும். அதுபோல், வணிகவியல் பிரிவில் சேர்ந்த மாணவி எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றாலும் இப்பட்டப்படிப்பில் சேர இயலாது. உயிரியல் பிரிவையோ, தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியே அமைந்த பிரிவையோ அவள் எடுத்திருக்க வேண்டும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. பட்டப்படிப்புக்கு இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த குறைந்த அளவு அறிவியல் பாடங்களில் 45 விழுக்காடு; தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 40 விழுக்காடு. ஆங்கிலத்திலும் தேறியிருத்தல் வேண்டும். மூன்றாண்டுப் பட்டயப் படிப்புக்கு 40 விழுக்காடு. இவை விண்ணப்பிக்கும் தகுதியே அன்றி இடம் கிடைக்கும் அளவல்ல. அரசுக் கல்லூரி இடத்தை அளிப்பது அவரவர் வகுப்புக்குரிய ஒதுக்கீட்டில் பெறும் வரிசையே. 45 விழுக்காட்டை நம்பியிருந்தோர், பின்னர் கடன் வாங்கித் தனியார் கல்லூரியை நாட நேரிடுகிறது. அங்ஙனம் நாடுவோர், அக்கல்லூரி தமிழ்நாடு நர்ஸுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலின் அங்கீகாரமும், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் பெற்றதா எனப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டலாகாது.

பரிவும் பொறுமையும் வேண்டிய தொழிலுக்கு மதிப்பெண்ணை அளவுகோலாக்குவது தகுமா எனச் சிலர் கேட்பர். மதிப்பெண் பரிவை அளக்காது என்பது மெய்யே. எனினும் மாற்று வழி யாது? அண்டையிலுள்ள புதுச்சேரி ஜிப்மரில் 2021 முதல் செவிலியர் பட்டப்படிப்புக்கும் நீட் மதிப்பெண்ணே கேட்கப்படுகிறது. அதற்குப் பயிற்சி நிலையக் கட்டணம் செலுத்த உப்பளத் தொழிலாளியாலும் தறிக்காரராலும் இயலுமா? உள்ளூர்ப் பள்ளியில், பள்ளி நூலைப் படித்தே பெறக்கூடிய மதிப்பெண்ணே ஏழைக்கு நியாயமானது என்பது நம் கருத்து. அம்முறை நிலைபெறல் வேண்டும்.

ஆனால் அந்நியாயத்தின் பயனை நாமே கெடுத்துக்கொள்ளலாகாது. மழை ஓய்ந்து உப்பளங்களில் வேலை தொடங்குவது ஜனவரியில். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு மார்ச்சில். பாத்திக்கும் தறிக்கும் கை வேண்டிய அதே மாதங்களில் மகளுக்குப் புத்தகம் வேண்டும். அம்மூன்று மாதம் அவளை வேலைக்கு அழையாதிருப்பது தந்தை கொடுக்கும் பெருஞ்சீதனமாகும். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்கீழ், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதையும் நினைவிற் கொள்க.

சங்கங்களும் வாளாவிருத்தல் கூடாது. ஒவ்வோராண்டும் பத்தாம் வகுப்பு முடிவு வெளிவந்த வாரத்தில் நிர்வாகக் குழுவினர் பெற்றோரைச் சங்கக் கட்டடத்தில் கூட்டி, ஊர்ப் பள்ளியின் உயிரியல் ஆசிரியரைக் கொண்டு பாடப் பிரிவுகளை விளக்கச் செய்யலாம். இலாபம் ஈட்டும் சங்கங்கள் பொது நல நிதியிலிருந்து அறிவியல் பாடத் துணைநூல்கள் வாங்கி வைக்கலாம். இதற்குப் பெருந்தொகை வேண்டுவதில்லை. உரிய காலத்தில் செய்தல் ஒன்றே வேண்டும்.