வேலை தேடுவது தனியாள் பாடல்ல

"படிச்சு என்னத்தடா கிழிச்ச? நாளைக்குக் கொய்யா பறிக்க வந்துரு."

பட்டம் வாங்கிட்டு ஆயக்குடி டீக்கடையில நிக்கிற நம்ம பையனைப் பாத்துத் தோட்டக்காரர் சொல்ற சொல் இது. கொய்யா பறிப்பது கேவலமில்லை. நம்ம அப்பனும் ஆத்தாளும் பறிச்ச கூலியிலதான் நாம படிச்சோம். ஆனா அந்தச் சொல்லுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. நம்ம பிள்ளைகள் வேலையில்லாம இருக்கிற வரைக்கும்தான் பழைய கூலிக்கும் பழைய கும்பிடுக்கும் ஆள் கிடைக்கும்.

வேலையின்மை எல்லாச் சாதிக்கும் உண்டு என்பார்கள். உண்டுதான். ஆனால் அவர்களுக்கு மாமன் மில்லில் மேனேஜர், சித்தப்பன் ஆபீசில் அதிகாரி. எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதி அவர்கள் வீட்டுத் திண்ணைக்கே வரும். சேரிக்கு வராது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. தகுதி, திறமை பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஆகவே தோழர்களே, தனித்தனியாகத் தேடாதீர்கள். கூடித் தேடுங்கள். இதற்கு உதாரணம் ஆயக்குடியிலேயே இருக்கிறது. இங்கே மரத்தடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திய இலவசப் பயிற்சிக்கு வெளிமாவட்டங்களிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். கட்டணமில்லை, நாற்காலிகூட இல்லை. அங்கே உட்கார்ந்து படித்த பலர் அரசு வேலைக்குப் போனார்கள். அந்த மரத்தடி ஒவ்வொரு சேரிக்கும் வேண்டும். பொம்பளப் பிள்ளைகளும் வந்து உட்காரணும். "கல்யாணம் ஆகப்போற பிள்ளைக்கு எதுக்குப் பரீட்சை" என்று நம்ம வீட்டிலேயே கேட்டால், அதுவும் ஆதிக்கம்தான்.

கூடி உட்கார்ந்ததும் செய்ய வேண்டியது என்ன?

முதலில் காகிதம். சாதிச் சான்றிதழ், தமிழ்வழியில் படித்த சான்று இரண்டையும் அறிவிப்பு வருமுன்பே வாங்கி வையுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. பட்டியல் சாதியினரின் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு என்பது 2009இல் வந்தது. இது தெரியாமலே விண்ணப்பம் போட்டவர்கள் எத்தனை பேர்!

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். பதிந்து ஐந்து வருசம் ஆகியும் வேலையில்லை என்றால், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு மாச உதவித்தொகை உண்டு. அது சோறு போடாது, பஸ் காசுக்கு ஆகும். உரிமையை ஏன் விடணும்?

குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். 200 கேள்வியில் 100 தமிழ். தமிழில் 150க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதி, ஒருத்தர் தாளை இன்னொருத்தர் திருத்துங்கள்.

ஆனால் அதையே நம்பி உட்காராதீர்கள். 2024இல் 6,244 இடத்துக்கு அறிவிப்பு வந்தது, 20 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பித்தார்கள். ரயில்வே, போலீஸ், ஐடிஐ தொழில் எல்லாவற்றையும் பாருங்கள். அரை நாள் வேலை, அரை நாள் படிப்பு என்றாலும் சரி. வீட்டுக்குக் காசு கொடுத்துக்கொண்டே படிக்கிறவனுக்கு மனசு உடையாது.

"மூணு லட்சம் குடு, ஆர்டர் வாங்கித் தர்றேன்" என்று வருகிறவனைத் தெருவுக்குள்ளேயே விடாதீர்கள். ஆத்தா கம்மலை அடகு வைத்து வாங்கும் ஆர்டர் வெறும் காகிதம்.

1943இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த அம்பேத்கர் மத்திய அரசு வேலையில் 8.33 விழுக்காடு வாங்கித் தந்தார். ஒருவர் உள்ளே போய் மற்றவர்களுக்கும் கதவைத் திறந்தார். இன்று வேலை கிடைத்ததும் டவுனில் வீடு பிடித்து, ஊர்ப் பேரையே மறைத்துக்கொள்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. மாசத்தில் ஒரு ஞாயிறு ஊருக்கு வாங்க அண்ணே. மரத்தடியில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.