பேயின் தலையில் போடும் பழி

1990இல் வந்த ‘கிரேவ்யார்ட் ஷிப்ட்’ என்ற அமெரிக்கத் திகில் படம் ஒரு பஞ்சாலையில் நடக்கிறது. ஸ்டீபன் கிங் 1970இல் எழுதிய சிறுகதையிலிருந்து எடுத்தது. எலிகள் மண்டிய பழைய மில். அடித்தளத்தைச் சுத்தம் செய்ய இரவில் இறக்கப்படும் கூலியாட்கள். அங்கே எலியும் வௌவாலும் கலந்தாற்போல் ஒரு ராட்சத மிருகம். தொழிலாளரை வதைக்கும் மேலாளனையும் அது கொன்றுவிடுகிறது. கடைசியில் பஞ்சு இயந்திரத்தில் சிக்கி மிருகமும் சாகிறது. கெட்டவர்கள் தீர்ந்தார்கள், நைட் ஷிப்ட் மட்டும் சாகவில்லை. அதைப் பற்றிப் படத்துக்குக் கவலையும் இல்லை.

திருப்பூர்ப் பக்கம் வாழ்கிறவளுக்கு அந்தப் படத்தில் மிருகம் வந்த பிறகுதான் பயம் குறையும்.

நம் பரணி பாடியவர்களுக்கு இந்த விஷயத்தில் தெளிவு அதிகம். கலிங்கத்துப் பரணியில் பேய்கள் பசியால் வாடிக் கிடக்கின்றன. போர்க்களத்தில் கூழ் சமைத்து உண்கின்றன. ஆனால் கொன்று குவிப்பது பேயல்ல, குலோத்துங்கனின் படை.

இரவைக் காட்டிப் பயமுறுத்துவது சட்டத்துக்கும் பழக்கம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணிவரை பெண்கள் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்றது. ஆஸ்பத்திரியில் விடிய விடிய நின்ற நர்சுகளைப் பற்றி அந்தச் சட்டம் பதறவில்லை. 2000 டிசம்பரில், வசந்தா வழக்கில், இந்தத் தடை சமத்துவத்துக்கு எதிரானது என்று சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. சரியான தீர்ப்புதான், அந்தத் தடையைத் திரும்பக் கேட்கிறவளல்ல நான். ஆனால் நீதிமன்றம் நிபந்தனைகளும் விதித்தது: பெண்கள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், வீட்டுக்குப் போக்குவரத்து வேண்டும், ஷிப்டுகளுக்கு இடையில் 12 மணிநேர ஓய்வு வேண்டும், பெண் வார்டன்கள் வேண்டும். அனுமதியை எடுத்துக்கொண்ட வேகத்தில் நிபந்தனைகளை யார் எடுத்துக்கொண்டார்கள்? 2020இன் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, பெண்ணின் சம்மதத்தோடு இரவு வேலை என்கிறது. வாங்கிய கடனுக்காக மில்லுக்கு வந்த பதினெட்டு வயதுப் பெண்ணிடம் சம்மதம் கேட்பது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

போக்குவரத்துப் பிரச்சினைக்கு மில்கள் சுலபமான வழி கண்டுபிடித்தன. விடுதியை மதிலுக்குள்ளேயே கட்டின. ‘கேம்ப் கூலி’ என்றும் ‘சுமங்கலித் திட்டம்’ என்றும் பேர். மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம். நடுவில் நின்றால் அது கைக்கு வராமல் போகலாம். தாலியின் பெயரைச் சொல்லி ஆள் பிடித்த இன்னொரு தொழில் எனக்குத் தெரியாது. கேட்டைப் பூட்டினால் பெற்றோருக்கு நிம்மதி, நள்ளிரவிலும் ஆளை எழுப்பலாம் என்பதால் முதலாளிக்கும் நிம்மதி.

மலேசிய ஆலைகளில் மலாய்ப் பெண்கள் திடீரென்று அலறி ஆடியதை ஐஹ்வா ஓங் 1987இல் வெளியான தன் நூலில் எழுதினார். நிர்வாகம் மந்திரவாதியை அழைத்தது, மயக்க மாத்திரையும் கொடுத்தது. வேலையின் வேகத்தை மட்டும் குறைக்கவில்லை. தமிழ்நாட்டு ஆடை ஆலைப் பெண்கள் சுமார் நூறு பேரிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் பேசி 2019இல் வெளியிட்ட செய்தியும் மாத்திரைக் கதைதான்: மாதவிடாய் வலி என்றால் பெயர் ஒட்டாத மாத்திரை. லீவு கிடையாது. வலியென்று ஒருத்தி சொன்னால் அவளுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்றுதான் எல்லா ஊர் ஆலைகளும் நினைக்கின்றன. பேயோ, நோயோ!

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றின் தொழிலாளியான தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். கைதானது அவருடைய சூப்பர்வைசர். அதற்குப் பிறகு அங்குள்ள பெண்கள் வாய் திறந்தார்கள். பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியதால், 2022இல் ஆலையின் தாய்நிறுவனமும் எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளும் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தொழிலாளரே பாலியல் வன்முறையைக் கண்காணிக்கவும் புகார் செய்யவும் அது வழிசெய்தது. சினிமாவில் இப்படியொரு கிளைமாக்ஸ் வராது. பெண்கள் கூட்டம் கூட்டி, மனு எழுதி, மாதக்கணக்கில் பேசுவதை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்?

அந்த ஒப்பந்தம் ஒரே ஒரு குழுமத்தைத்தான் கட்டியது. பக்கத்து மில்லின் விடுதிக் கேட்டுச் சாவி இன்னும் வாட்ச்மேனிடம் இருக்கிறது.