மருமகனுக்கு ஒரு கைத்துப்பாக்கி

அண்மையில் அமெரிக்காவின் ரெக்ஸாஸ் மாநிலத்துக்குச் சென்று, ஹூஸ்ரன் நகரின் புறநகர் ஒன்றில் வசிக்கும் என் மருமகனுடைய வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். என் தங்கையின் மூத்த மகன். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது எட்டு வயதுச் சிறுவனாகத் தென்மராட்சிக்கு நடந்து வந்தவன். பிறகு கனடா, பிறகு அமெரிக்கா. இன்று பொறியியலாளர். பன்னிரண்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான்.

ஒரு சனிக்கிழமை காலை, தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டான்: "மாமா, நான் ஒரு பிஸ்ரல் வாங்கப் போறன். நீங்கள் எத்தனை துவக்கைக் கண்டனீங்கள். ஒரு யோசனை சொல்லுங்கோவன்."

வேலை செய்யும் இடத்து நண்பர்கள் சிலருடன் வார இறுதிகளில் சுடுதளத்துக்குப் போய் வருகிறானாம். இதுவரை இரவல் துப்பாக்கி. இனிச் சொந்தமாக ஒன்று வேண்டுமாம்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. கண்டது உண்மைதான். ஆனால் எந்த விதமாகக் கண்டேன்?

1975 ஜூலை 27 அன்று யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது நான் இளைஞன். அதன் பிறகு வந்த ஆண்டுகளில் கைத்துப்பாக்கி என்பது எங்கள் ஊரில் ஒரு பொருளாக அல்ல, ஒரு சந்தேகமாகவே இருந்தது. சைக்கிளில் இருவர் வந்து, பின்னால் இருப்பவர் சட்டையை வெளியே விட்டிருந்தால் கடைக்காரர் கதவைச் சாத்துவார். பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து செய்தியைப் பற்றி "கதைக்க வேண்டும்" என்று சொன்னவர்கள் நாற்காலியில் அமரும் விதத்தைப் பார்த்தே, இடுப்பில் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று கண்டுகொள்ளும் பழக்கம் எங்களுக்கு வந்திருந்தது. 2000 ஒக்ரோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்தில் தமது வீட்டில் இருந்து எழுதிக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜனைச் சுட்டுக் கொன்றார்கள். ஆயுதத்தின் பெயரையோ அளவையோ அன்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த கைத்துப்பாக்கிகள் எல்லாம் சட்டைக்கு உள்ளே இருந்தவை. சட்டைக்கு வெளியே, மேசை மேல் வைத்து, நிதானமாகப் பார்த்துத் தெரிவு செய்யும் ஒரு பொருளாக அதை நான் கண்டதேயில்லை.

ஆகவே அவனுடன் சுடுதளத்துக்குப் போனேன். நான் சுடவில்லை. சுடவும் முடியாது. வருகையாளர் விசாவில் வந்தவர், வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற ஏதாவதொரு விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது. 2021 செப்ரெம்பர் முதல் அனுமதிப்பத்திரம் இல்லாமலேயே இடுப்பில் கைத்துப்பாக்கியுடன் பெரியவர்கள் நடமாடக்கூடிய மாநிலத்தில் இப்படி ஒரு கட்டுப்பாடு இருப்பது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு, ஒரு நிருபரைப் போல நின்று பார்த்தேன்.

கடைக்காரர் இரண்டு துப்பாக்கிகளை அவனிடம் வாடகைக்குக் கொடுத்தார். இரண்டும் ஒரே 9 மில்லிமீற்றர் ரவையைச் சுடுபவை. ஒஸ்திரியர் லூகர் வடிவமைத்து 1902 இல் அறிமுகமான அதே ரவைதான் இன்றும் உலகெங்கும் பாவனையில் இருக்கிறது. ஒன்று சிக் சவர் பி 365. 2018 இல் சந்தைக்கு வந்தது. அரைக் கிலோ எடை, எட்டு சென்ரிமீற்றர் சுடுகுழல், சட்டைக்குள் மறைப்பதற்கென்றே செய்யப்பட்டது. மற்றது சி. இசட். 75. 1975 இல் அன்றைய செக்கோஸ்லாவாக்கியாவில் வெளிநாட்டுச் சந்தையை மனதில் வைத்து உருவாக்கப்பட்டது. முழுவதும் உருக்கு. ஒரு கிலோவுக்கு மேல் எடை, பன்னிரண்டு சென்ரிமீற்றர் குழல். இடுப்பில் செருகினால் வேட்டியே கழன்றுவிடும்.

மருமகனுக்குச் சிறியதில்தான் ஆசை. "இரண்டுக்கும் பாவிக்கலாம் மாமா" என்றான். சுடுதளத்துக்கும், தேவைப்பட்டால் கையோடு கொண்டு போவதற்கும் என்பது அதன் பொருள்.

சிறியதால் ஏழு மீற்றர் தூரத்தில் பத்து முறை சுட்டான். கடதாசியில் பத்துத் துளைகளும் பத்துத் திசையில் இருந்தன. பெரும்பாலானவை கீழே, இடப்பக்கம். பயிற்றுநர் ஒரு வேலை செய்தார். அவனுக்குத் தெரியாமல் ரவைக்கூட்டில் ஒரு போலி ரவையை இடையில் வைத்துக் கொடுத்தார். மூன்றாவது முறை விசையை அழுத்தியபோது வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் முனை சட்டெனக் கீழே குனிந்தது! வெடிப்பதற்கு முன்னரே அவனுடைய கை உதைப்பை எதிர்பார்த்துப் பயந்து முந்திக்கொண்டது என்பது கண்ணாடிக்கு அப்பால் நின்ற எனக்கே தெரிந்தது. அவன் வெட்கத்துடன் திரும்பி என்னைப் பார்த்தான்.

பெரியதால் சுட்டபோது நிலைமை மாறியது. காரணம் மாயமல்ல. ரவை ஒன்றே, மருந்தின் விசை ஒன்றே. அது பின்னோக்கித் தள்ளும்போது அரைக் கிலோ எவ்வளவு துள்ளுமோ அதில் பாதிக்கும் குறைவாகவே ஒரு கிலோ இரும்பு துள்ளும். கைபிடியில் ஐந்து விரலுக்கும் இடம் இருக்கிறது. சிறியதில் சுண்டுவிரல் அந்தரத்தில் நிற்கும். இவற்றை விட முக்கியமானது குறிகளுக்கு இடையிலான தூரம். பின்குறிக்கும் முன்குறிக்கும் நடுவே 160 மில்லிமீற்றர் இருந்தால், முன்குறி ஒரு மில்லிமீற்றர் விலகும்போது 25 மீற்றரில் ரவை ஏறக்குறைய 16 சென்ரிமீற்றர் விலகிப் போகும். அந்த இடைவெளி 120 மில்லிமீற்றர் என்றால் விலகல் 21 சென்ரிமீற்றர். பாடசாலையில் படித்த வடிவொத்த முக்கோணங்கள்தான்! பொறியியலாளனான என் மருமகன் இதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான் என்பது வேறு விடயம்.

விசையைப் பற்றியும் ஒரு சொல். சி. இசட். 75 இல் முதல் அழுத்தம் நீளமாகவும் கனமாகவும் இருக்கும். சுத்தியல் பின்னே போன பிறகு அடுத்தடுத்த அழுத்தங்கள் இலேசானவை. 1982 இல் ஒஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட க்ளொக் 17 இல் எல்லா அழுத்தமும் ஒரே மாதிரி. பழகுவது எளிது. ஆனால் கையால் போட்டு எடுக்கும் பாதுகாப்புப் பூட்டு அதில் கிடையாது. எது நல்லது என்று சுடுதளத்தில் இருவர் கால் மணி நேரம் வாதிட்டார்கள். பழைய எழுத்தச்சு அலுவலகத்தில் எந்த எழுத்துரு அழகு என்று நாங்கள் வாதிட்டதைப் போல இருந்தது.

என் கருத்தை இங்கே வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். குறிபார்த்துச் சுடுவதே நோக்கமாயின் முழு அளவுத் துப்பாக்கியைத்தான் வாங்க வேண்டும். "இரண்டுக்கும்" என்ற சொல்லோடு எவரும் கடைக்குள் நுழையக் கூடாது. சிறிய துப்பாக்கி சுடுவதற்குக் கடினமானது, பழகுவதற்குக் கடினமானது, மறைப்பதற்கு மட்டுமே இலகுவானது. மறைப்பது சுடுதளத்தில் எவருக்கும் தேவையில்லாத காரியம்.

இது என் சொந்தப் பயத்திலிருந்து பிறந்த கருத்து என்று வாசகர் நினைக்கலாம். ஓரளவு உண்மையே. ஆனால் ஒரு நாடு இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. 2002 ஒக்ரோபர் 21 அன்று மெல்பேர்ண் மொனாஷ் பல்கலைக்கழக வகுப்பறையில் மாணவன் ஒருவன் கைத்துப்பாக்கியால் சுட்டு இருவரைக் கொன்றான், ஐவரைக் காயப்படுத்தினான். விளையாட்டுச் சுடுதலுக்கான உரிமத்தைக் காட்டி அவன் துப்பாக்கிகளை வாங்கியிருந்தான். அதன் பின் அவுஸ்திரேலியா விளையாட்டுக்கான கைத்துப்பாக்கிகளுக்கு அளவுகோல் வைத்தது. ரவைக்கூடு உடைய தானியங்கி ரகமாயின் குழல் 120 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. கூட்டில் பத்து ரவைகளுக்கு மேல் கூடாது. உலகெங்கும் விற்பனையாகும் க்ளொக் 17 இன் குழல் 114 மில்லிமீற்றர். ஆறு மில்லிமீற்றர் போதவில்லை! அந்த நாட்டுக்கென்றே குழலை நீட்டி, 17 ஏ என்று ஒன்றைச் செய்து அனுப்ப வேண்டியதாயிற்று. சுடுவதற்கு வேண்டுமா, மறைப்பதற்கு வேண்டுமா என்ற கேள்வியை அளவுகோலாலேயே கேட்டுவிட்ட அந்தச் சட்டவரைஞர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு.

வேறு நாடுகள் இன்னும் கடுமையாகப் போயின. 1996 மார்ச்சில் ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில் 16 குழந்தைகளும் ஆசிரியை ஒருவரும் கொல்லப்பட்ட பின், 1997 இல் பிரித்தானியப் பெருநிலம் கைத்துப்பாக்கிகளை ஏறத்தாழ முற்றாகவே தடை செய்தது. கனடாவில் 2022 ஒக்ரோபர் 21 முதல் தனியார் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்கவோ கைமாற்றவோ முடியாது. ஒலிம்பிக் பிரிவுகளில் பயிலும் வீரர் போன்ற சிலருக்கே விலக்கு. ஆகவே ரொறன்ரோவிலும் லண்டனிலும் இதை வாசிப்போருக்கு என் மருமகனின் கேள்வியே விசித்திரமாகத் தோன்றும். அமெரிக்காவில் அது மடிக்கணினி வாங்குவதைப் போன்ற கேள்வி. பல மாநிலங்களில் இருபத்தொரு வயது நிரம்பியிருந்து, ஒரு படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறிவிட்டால் போதும்.

கடைக்காரர் சொன்ன மறுப்பையும் பதிவு செய்வதுதான் நேர்மை. "பெரியதை வாங்கியவர் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். தேவைப்படும் நேரத்தில் அது கையில் இருக்காது" என்றார். பரந்த மாநிலம், பொலிஸார் வந்து சேர நேரமாகும் என்றும் சொன்னார். அவருடைய அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதானே என் விருப்பமும்! அதுவும் பூட்டி.

பெரிய துப்பாக்கி நல்லது, சிறியது கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டின் ரவையும் ஒன்றுதான். வீட்டுக்குள் வந்துவிட்ட பிறகு குழலின் நீளம் எவரையும் காப்பாற்றாது. அமெரிக்காவில் 2022 இல் துப்பாக்கியால் இறந்தோர் 48 ஆயிரத்துக்கும் அதிகம். அவர்களில் ஏறத்தாழ 27 ஆயிரம் பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கொலையுண்டவர்களை விட இவர்களின் தொகை பெரிது. இதைப் படித்தபோது நான் திருடனைப் பற்றி யோசிக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பேரனைப் பற்றியே யோசித்தேன். இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளில் பரீட்சையில் குறைந்த புள்ளியோ, நண்பர்களின் கேலியோ உலகமே முடிந்துவிட்டது போலத் தோன்றும் வயதுக்கு அவன் வந்துவிடுவான். அப்போது அலமாரியின் மேல் தட்டில் என்ன இருக்கும்?

அன்றிரவு மருமகனிடம் இதையேதான் சொன்னேன். அவனுடைய மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். "மாமா, இதை நான் ஒரு வருஷமாச் சொல்லுறன். இவர் கேக்கேல்லை" என்றாள். மருமகன் சிறிது நேரம் மௌனமாக இருந்தான். பிறகு, "அப்ப வாங்கவே வேண்டாம் எண்டுறியளோ?" என்று கேட்டான்.

வாங்காதே என்று உத்தரவிட நான் யார்? அவன் வாழும் நாடு அவனுக்குக் கொடுத்த உரிமை அது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இன்னும் ஓராண்டுக்கு வாடகைத் துப்பாக்கியையே பாவி. முதலில் பொயின்ற் 22 ரவை சுடும் முழு அளவுத் துப்பாக்கியில் கையைப் பழக்கு. உதைப்பும் இல்லை, ரவையும் மலிவு, கை பயத்தை மறக்கும். பிறகும் ஆசை இருந்தால் பெரியதாக, கனமாக ஒன்றை வாங்கு. அதற்கு முன் இரும்புப் பெட்டி. அதன் இலக்கம் உன் மகனின் பிறந்த நாளாக இருக்கக் கூடாது. இப்படிச் சொன்னதும் அவன் சிரித்துவிட்டான். அந்த வீட்டில் தொலைபேசி, கணினி, வாசல் கதவு எல்லாவற்றுக்கும் அதுதான் இலக்கம்.

நான் கொழும்புக்குத் திரும்பி இப்போது இரண்டு மாதமாகிறது. சென்ற வாரம் மருமகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். வாடகைத் துப்பாக்கியால் பதினைந்து மீற்றரில் சுட்ட கடதாசி. எட்டுத் துளைகள், உள்ளங்கையால் மூடிவிடலாம். "பத்து ரவை எண்டாய், மற்ற இரண்டும் எங்கே?" என்று கேட்டு எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.