லீக் ஆகிறது டேங்க் மட்டும் இல்லை

வேப் பற்றி மலையகத்தில் இரண்டு விதமான பேச்சுதான் கேட்கிறது. ஒன்று பெரியவங்க பேச்சு: "அதைத் தொடாதே, நாசமாப் போயிடுவ." அத்தோடு முடிந்தது. மற்றது நமக்குள்ளே நடக்கிற பேச்சு: "மச்சான், லீக் ஆகுதுடா", "கருகின டேஸ்ட் வருதுடா", "கொயிலை மாத்திப் பாருடா." முதல் பேச்சில் விளக்கமே கிடையாது. இரண்டாவதில் விளக்கம் இருக்கிறது, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. டேங்க் ஏன் மக்கர் பண்ணுகிறது என்று தேடுகிறவன் அதே கேள்வியை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோனால், கையில் இருக்கிற சாமான் என்னவென்று அவனுக்கே விளங்கிவிடும். அதட்டுவதை விட இந்த விளக்கம்தான் வேலை செய்யும் என்பது என் கட்சி.

சாமான் ரொம்ப எளிமையானது. ஒரு லித்தியம் பட்டரி, ஒரு சின்னக் கம்பிச் சுருள், சுருளுக்குள் பஞ்சு, சுற்றிலும் திரவம் நிற்கிற டேங்க். திரவம் என்றால் புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனை, நிக்கொட்டின். பஞ்சு திரவத்தை உறிஞ்சுகிறது, சுருள் சூடாகி அதை ஆவியாக்குகிறது. சாதாரண தரத்தில் படித்த ஓமின் விதியே இதற்குப் போதும். 3.7 வோல்ட் பட்டரியில் 1.2 ஓம் சுருள் போட்டால் கிட்டத்தட்ட 11 வாட். தடையைப் பாதியாக்கி 0.6 ஓம் போட்டால் 23 வாட். "பெரிய புகை வருது" என்று சொல்கிறோமே, அது இந்தக் கணக்குதான். அதை "வெறும் நீராவி" என்று சொல்வது மட்டும் தப்பு. டேங்கில் ஊற்றுவது தண்ணீர் இல்லை, ஆகவே வெளியே வருவதும் நீராவி இல்லை.

இனி லீக். கொழும்பில் டேங்கை நிரப்பி பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், கித்துல்கல, கினிகத்தேனை தாண்டி ஹட்டன் வருவதற்குள் பை நனைந்திருக்கும். போலிச் சாமான் என்று விற்றவனைத் திட்டுவார்கள். அவனைத் திட்ட வேறு காரணங்கள் உண்டு, இது மலை செய்த வேலை. ஹட்டன் கிட்டத்தட்ட 1270 மீட்டர் உயரம், நுவரெலியா 1868 மீட்டர். கடல் மட்டத்தில் இருக்கிற காற்றழுத்தத்தில் நுவரெலியாவில் மிஞ்சுவது ஐந்தில் நாலு பங்குதான். டேங்குக்குள் கொழும்புக் காற்று அடைபட்டுக் கிடக்கிறது. மேலே ஏற ஏற அது விரிந்து திரவத்தைச் சுருள் வழியாக வெளியே தள்ளுகிறது. டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே காற்று அதிகம், லீக்கும் அதிகம்.

கருகின டேஸ்டுக்கும் நம்ம ஊர் காரணமாகலாம். கிளிசரின் குளிரில் கெட்டியாகும். ஜனவரி மாத நுவரெலியா ராத்திரியில் அது பஞ்சுக்குள் மெதுவாகத்தான் ஏறும். அதற்குள் அடுத்தடுத்து இழுத்தால் காய்ந்த பஞ்சு கருகும், சூட்டில் திரவமும் உடைந்துபோகும். உடையும்போது வருகிற பொருட்களில் ஃபோர்மல்டிஹைடும் அக்ரோலீனும் உண்டு. முதலாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட பொருள், இரண்டாவது நுரையீரலை எரிக்கிறது. அந்தக் கசப்பு ஒரு டேஸ்ட் பிரச்சினை இல்லை, எச்சரிக்கை மணி. இதற்கு யூடியூப் சொல்கிற மருந்து "கொயிலை மாத்து" என்பது. மாற்றினால் மணி நின்றுவிடும், சாமான் அதே சாமான்தான்.

லீக் ஆன திரவம் எங்கே போகிறது என்றும் யோசிக்க வேண்டும். நிக்கொட்டின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். சின்னப் பிள்ளை கொஞ்சம் விழுங்கினாலே ஆபத்து. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் தங்கச்சி, தம்பி, பாட்டி எல்லோரும் ஒன்றாகப் படுக்கிற வீட்டில், மாம்பழ வாசனை வீசுகிற போத்தலை எந்த உயரத்தில் ஒளித்து வைப்பது? டிஸ்போசபிள் என்றால் இன்னொரு தலைவலி. தீர்ந்ததும் குப்பையோடு போகிறது, தோட்டத்தில் குப்பையை எரிக்கிறோம், உள்ளே இருப்பதோ லித்தியம் பட்டரி. நெருப்பில் அது வெடிக்கும்.

"சிகரட்டை விட இது பரவாயில்லை தானே?" இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லாவிட்டால் நம்மை யாரும் நம்பமாட்டார்கள். வருஷக்கணக்காக சிகரட் குடித்த ஒருவர் அதை முழுசாக விட்டுவிட்டு இதற்கு மாறினால், அவர் இழுக்கிற நச்சு குறைகிறது. பிரிட்டன் சுகாதாரத் துறை அதைத்தான் சொல்லி வருகிறது. ஆனால் அங்கே ஒரு மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கொட்டின் போட முடியாது. டிஸ்போசபிளை 2025 ஜூன் 1 முதல் அவர்களே தடை செய்துவிட்டார்கள். இங்கே களவாக வருகிற பெட்டியில் "5%" என்று போட்டிருந்தால் அது மில்லிலீட்டருக்கு 50 மில்லிகிராம். உண்மையிலேயே அவ்வளவுதானா என்று சோதிக்க ஆள் இல்லை. 2019இல் அமெரிக்காவில் கறுப்புச் சந்தைத் திரவங்களில் கலந்த விற்றமின் ஈ அசிற்றேற்றால்தான் பெரும்பாலும் நுரையீரல்கள் பழுதாகின. 2020 பெப்ரவரிக்குள் 2807 பேர் ஆஸ்பத்திரியில், 68 பேர் சாவு. அதோடு, நம்ம வகுப்பில் இதை இழுக்கிறவர்களில் எத்தனை பேர் சிகரட்டை விடுவதற்காக ஆரம்பித்தார்கள்?

சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. 2016 செப்டெம்பர் வர்த்தமானி, புகையிலை கொண்ட மின்சிகரட்டுகளைச் செய்வதையும் இறக்குவதையும் விற்பதையும் தடை செய்தது. அந்தப் "புகையிலை கொண்ட" என்ற சொல்லிலேயே ஓட்டை தெரிகிறது. "இதில் இலை இல்லையே, வெறும் திரவம்தானே" என்று வாதாட இடம் கிடக்கிறது. இந்தியா 2019இல் மின்சிகரட்டுக்கென்றே தனிச் சட்டம் போட்டது, அங்கேயும் அது ஒழிந்துபோய்விடவில்லை. எழுத்தைத் திருத்தத்தான் வேண்டும், எழுத்து மட்டும் காவல் நிற்காது.

நிக்கொட்டின் மலையகத்துக்குப் புதுசு இல்லை. தாத்தா பாட்டிமார் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டுதான் மலையேறினார்கள். குளிருக்கு அது, பசிக்கு அது, கொழுந்து நிறை பார்க்கிற வரை தாக்குப்பிடிக்க அது. வெற்றிலை, பாக்கு, புகையிலை சேர்ந்த மெல்லல் வாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இலேயே உறுதிப்படுத்தியது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோயும் வாயில் வருவதுதான். அந்தத் தலைமுறைக்கு யாரும் அவர்கள் மொழியில் உட்கார வைத்து விளக்கவில்லை. 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று ஆக்குவதற்கே எவ்வளவு போராட்டம்! நிறை குறைந்தால் அரைப் பேர். அந்தக் காசில் படிக்க வந்த நாம், அதே நிக்கொட்டினை மாம்பழ வாசனையில், பளபளக்கிற டப்பாவில் வாங்கி, அதை நாகரிகம் என்கிறோம்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. பாடசாலையில் "போதை ஒழிப்பு தினம்" என்று போஸ்டர் ஒட்டுகிற நேரத்தில், ஒரு விஞ்ஞான ஆசிரியர் ஒரு டேங்கைக் கழற்றிக் காட்டட்டும். சுருள், பஞ்சு, காற்றழுத்தம், ஓம் விதி, எல்லாம் பாடத்திட்டத்தில் இருப்பவைதான். தோட்ட வைத்தியசாலையில், விடமுடியாமல் தவிக்கிற பிள்ளை அதட்டல் வாங்காமல் தமிழில் பேச ஒரு ஆள் இருக்கட்டும். நாமும் நண்பன் "லீக் ஆகுதுடா" என்று கொண்டுவந்தால் திருத்திக் கொடுத்து அனுப்ப வேண்டாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். கழற்றிக் காட்டி, எது எங்கே போகிறது என்று சொல்வோம். அதற்குப் பிறகும் இழுப்பானா என்பது அவன் முடிவு. தெரியாமல் இழுத்தான் என்ற நிலைமை மட்டும் இருக்கக் கூடாது.